கோயில் பரிபாலன சபைக்கு: என் பயணங்களுக்கு நீங்கள் காவல் வைக்க முடியாது

மதிப்புக்குரிய கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஐயாவுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், அன்றைய கூட்டத்தில் இருந்த தோட்டத் தலைவர்மாருக்கும்,

கடந்த போயா (பௌர்ணமி) தினத்தன்று கோயில் மண்டபத்தில் கூடி நீங்கள் எடுத்த தீர்மானத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். தீர்மானம் எழுதிய தாள் இன்னும் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது. கணவன்மார் வெளியூரில் வேலை செய்யும் இளம் பெண்கள் தோட்டத்தை விட்டு வெளியே போவதாக இருந்தால் முன்கூட்டியே தலைவரிடம் சொல்ல வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. தாளில் என் பெயர் இல்லை. அது யாரை வைத்து எழுதப்பட்டது என்பது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். பலகையில் எழுதாத இரண்டு விடயங்களை என் மாமியாரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு எடுக்க நான் இனி வரத் தேவையில்லை என்பது ஒன்று. என் நடத்தையைப் பற்றி, படையில் இருக்கும் என் கணவருடைய முகாமின் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதப் போகிறீர்கள் என்பது மற்றது.

உங்களில் பலரை மாமா என்றும் சித்தப்பா என்றும் அழைக்கிறவள் நான். நேரில் வந்து பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் என்னை நேரில் அழைக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண்கூட இருக்கவில்லை. ஒரு தொழிலாளியை விசாரணை இல்லாமல் வேலையால் நிறுத்தினால், மறுநாள் காலையிலேயே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் ஆட்களைத் திரட்டி தோட்டத்துத் துரையிடம் நியாயம் கேட்கிறவர்கள் தலைவர்மாராகிய நீங்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு மட்டும் அந்த விசாரணை ஏன் இல்லாமல் போயிற்று? உங்கள் தீர்மானத்தை ஊர் பார்க்க ஒட்டினீர்கள். என் பதிலையும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

இவ்வளவுக்கும் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு படம். இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதே இருக்கையின் அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் இளைஞர் ரயிலுக்காகக் காத்திருக்கிறார். கூட்டத்தில் கைக்குக் கை மாறிய படம் இதுதான். நான் என் முகநூலில் போட்ட படத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் என் மாமியாரும் அவர் மடியில் என் மகளும் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் அவர்கள் இருவரையும் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் ஒட்டி உங்களிடம் காட்டியிருக்கிறார். முழுப் படம் என்னிடம் இருக்கிறது, என் முகநூலிலும் இருக்கிறது. தீர்மானம் எடுப்பதற்கு முன் ஒருவராவது அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

ஆனாலும், முழுப் படத்தைக் காட்டி நல்ல பெயர் வாங்குவதற்காக இந்த மடலை எழுதவில்லை. மாமியார் கூட வராத நாட்களும் உண்டு. நானும் மகளும் மட்டும் போவோம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவளை அப்பாச்சியிடம் விட்டுவிட்டு நான் தனியாகவும் போயிருக்கிறேன். அந்த நாட்களிலும் நான் செய்தது தவறு இல்லை. ஒரு பெண் பக்கத்தில் துணை இருந்தால்தான் நல்லவள், துணை இல்லாவிட்டால் சந்தேகத்துக்குரியவள் என்ற கணக்கைத்தான் நான் மறுக்கிறேன்.

நான் எங்கே போகிறேன் என்று சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. உயர்தரம் வரை படித்தேன், அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை, கொழுந்துக்குப் போகிறேன். சம்பளம் போட்ட கிழமையில், வேலை இல்லாத சனிக்கிழமையில், போயா நாளில், அப்புத்தளை டவுனுக்கு இறங்கி மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ரயில் ஏறுகிறேன். ஒரு பக்கம் போனால் தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை. மறுபக்கம் போனால் இதல்கஸ்ஹின்ன, ஓஹிய, பட்டிப்பொல. பட்டிப்பொல 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இந்த நாட்டின் ரயில் நிலையங்களில் அதற்கு மேல் உயரமானது வேறில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் லயத்தில் இருந்து அதைப் பார்த்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். 1924இல் பதுளை வரை போய்ச் சேர்ந்த இந்த ரயில் பாதை நம் பாட்டன் பூட்டிகள் பறித்த தேயிலையைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்ற பாதை. அதில் ஒரு டிக்கெட் வாங்கி உட்கார எனக்கு உரிமை இல்லையா?

பண்டாரவளையில் நூலகத்துக்குப் போகிறேன். அப்புத்தளை அடிசம் மடத்துத் தோட்டத்தில் மகளை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹக்கலைப் பூங்காவுக்கும் சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்கும் போய் வந்தோம். இவ்வளவுதான் என் ஊர் சுற்றல்.

இனி, நீங்கள் கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். திருமணமான புதிதில் என் கணவர் தியத்தலாவையில் கடமையில் இருந்தார். விடுமுறை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். இருவரும் எங்காவது நடந்துவிட்டு வருவோம். பிறகு வன்னிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது அவர் வருவதற்கு மாதக்கணக்காகிறது. வந்தாலும் பஸ்ஸிலும் ரயிலிலும் லீவின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. இடையில் எங்களுக்கு இருப்பது தொலைபேசி மட்டும்தான்.

நாங்கள் இருக்கும் ஒற்றை அறை, லயத்துக் காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுச்சுவர் கூரை வரை எழும்பவில்லை. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் எங்கள் வீட்டில் கேட்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை, நீங்களும் அதே லயத்தில்தான் பிள்ளை பெற்று வளர்த்தீர்கள். லயத்துக்குள் சிக்னலும் இல்லை. கோயில் மேட்டில் ஏறினால்தான் அவர் குரல் அறுபடாமல் கேட்கும். இரவில் அங்கே நின்று நான் பேசும்போது மண்டபத்துப் படியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்கள். அழுதால் மறுநாள் தண்ணீர்ப் பீலியடியில் அது கதையாகிவிடும். ஒரு மனைவி தன் கணவனோடு தனியாகப் பேச இந்தத் தோட்டத்தில் ஓர் இடம் இல்லை.

அதனால்தான் ரயில் ஏறுகிறேன். இதல்கஸ்ஹின்னயில் ஆட்கள் குறைவு. இரண்டு பக்கமும் மலை இறங்கி வெளி திறந்திருக்கும், சிக்னலும் நன்றாக இருக்கும். அவருக்கு ஓய்வு இருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேருவேன். மகளுடைய பாடசாலை, அடகில் இருக்கும் நகை, மாமியாரின் இரத்த அழுத்தம், இரண்டாவது பிள்ளை வேண்டுமா வேண்டாமா, அவர் இரவில் ஏன் தூங்கவில்லை, நான் ஏன் அன்று போனை வைத்தேன் என்பவற்றையெல்லாம் அங்கே இருந்துதான் பேசித் தீர்க்கிறோம். எங்கள் குடும்பம் நடப்பது அந்த நிலையத்து இருக்கையில்தான். உங்களுக்குக் காட்டப்பட்ட அந்த வெட்டி ஒட்டிய படத்தில் இருப்பது அந்த இருக்கை.

அவர் லீவில் வந்தால் நாங்கள் அதே இடங்களுக்குச் சேர்ந்து போகிறோம். அதே ரயில், அதே வழி, சில நாட்களில் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு இருட்டிய பிறகு ஆட்டோவில் திரும்புகிறோம். அப்போது எதிரில் வருகிற நீங்கள் நலம் விசாரித்துவிட்டுப் போகிறீர்கள். அவர் முகாமுக்குத் திரும்பிய மறுவாரம் அதே ரயிலில் நான் ஏறினால் அது சபைக்கு விடயமாகிவிடுகிறது. போன இடமும் போன ஆளும் மாறவில்லை. என் பக்கத்தில் ஓர் ஆண் இல்லை, அது மட்டும்தான் மாறியது.

என் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் தீர்மானத்தைச் சொல்லி அனுப்ப நீங்கள் தேர்ந்தெடுத்தது அவரை. மருமகளை அடக்கி வைக்கத் தெரியாதவர் என்ற பேச்சையும் அவர் காதில் போட்டுத்தான் அனுப்பினீர்கள். அவர் இந்த மலைகளில் முப்பது வருடத்துக்கும் மேல் கொழுந்து பறித்தவர். தம்பேத்தன்ன பக்கம் லிப்டன் சீட் என்று ஒரு மலையுச்சி இருக்கிறது. 1890இல் அங்கே தேயிலைத் தொழிற்சாலை கட்டிய தோமஸ் லிப்டன் தன் தோட்டங்களைப் பார்த்து ரசித்த இடம் என்று சொல்வார்கள். இப்போது அவருடைய சிலையை அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டவர்கள் விடியற்காலையிலேயே ஏறி வருகிறார்கள், நேரம் போனால் பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிடும். டவுனில் இருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு என் மாமியார் தன் வாழ்நாளில் போனதில்லை. யாரும் அழைத்துப் போனதில்லை. போக வேண்டும் என்று கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

போன வருடம் நான் அவரை அழைத்துப் போனேன். முழங்கால் வலியோடு நின்று நின்று ஏறினார். மேலே போய், மூச்சு வாங்கிய பிறகு, அவர் மலைகளை அழகு பார்க்கவில்லை. கூரைகளைத் தேடினார். தூரத்தில் ஒவ்வொரு தேயிலை ஸ்டோர்க் கூரையாகக் கைகாட்டி, அது இன்ன தோட்டம், அங்கேதான் என் தங்கச்சியைக் கொடுத்தார்கள், அதற்குக் கீழே பெரியம்மா மகள் இருக்கிறாள், அந்தச் சரிவில்தான் நாங்கள் சின்ன வயதில் விறகு பொறுக்கினோம் என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டிக்கொடுத்த பிறகு தங்கையின் வீட்டுக்கு அவர் போனது இரண்டு சாவுகளுக்கு மட்டும்தான். கண்ணுக்கு எதிரே கூரை தெரிகிற தூரத்தில் இருக்கும் தங்கையைச் சாவு விழுந்தால்தான் பார்க்கலாம் என்பது அவருக்கு யாரும் எழுதி ஒட்டாத சட்டமாக இருந்திருக்கிறது. அடுத்த சம்பளத்துக்கு நாங்கள் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். இரண்டு கிழவிகளும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு, எங்கே அடுத்ததாகப் போகலாம் என்று என்னைக் கேட்கிறவர் அவர்தான். அப்படிப்பட்டவர், உங்கள் செய்தியைக் கொண்டுவந்த அன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கோயில் பக்கம் போகவில்லை. வயதான ஒரு பெண்ணை இப்படிக் கூனிக் குறுக வைத்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இனி அறநெறி வகுப்பு விடயத்துக்கு வருகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் அதிகமானோர் பண்டாரவளைக்கு அப்பால் எதையும் பார்க்காதவர்கள். சீதையம்மன் கோயிலுக்குப் போய் வந்த பிறகு, சீதை சிறையிருந்த வனம் என்று சொல்லப்படும் இடம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது என்று சொல்லி, ஓடையையும் கோயிலையும் படத்தில் காட்டினேன். இராமாயணத்தை அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட விதமே வேறு. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுவந்து அடைத்து வைத்திருந்ததை ஒரு நாள் கதையாகச் சொன்னேன். வீட்டை விட்டுப் பிரிந்து இருப்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்பா கொழும்பில், அம்மா குவைத்தில் என்று இருக்கிற பிள்ளைகள் அதே கேள்விக்குத் தாங்களே பதிலும் சொன்னார்கள். தேவாரத்தை மனப்பாடம் செய்விக்க எவராலும் முடியும். நான் போய்ப் பார்த்த இடங்கள் வகுப்புக்குள் வந்தபோதுதான் பிள்ளைகள் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். வருகைப் பதிவேடு உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். நான் வெளியே போவதால் பிள்ளைகளுக்குக் கெட்ட முன்மாதிரி என்று சொன்னவர், ஒரு நாளாவது அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் இல்லை.

என் கணவர் அணியும் சீருடையும் இதற்குள் கலந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கூட்டத்தில் அதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1983ஐப் பார்த்தவர்கள் நீங்கள். 2000 அக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதும், அதன் பிறகு இந்தப் பகுதி எப்படி அஞ்சிக் கிடந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கிறது. அந்த நினைவுகளை நான் மதிக்கிறேன். என் சொந்த அப்பா என் திருமணத்துக்கு ஒரு வருடம் சம்மதிக்காமல் இருந்தார், அதற்கு இவைதான் காரணம். ஆனால் என் கணவர் ஏன் சேர்ந்தார் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பதினைந்து வயதில் கொழும்புக் கடையில் சாமான் அடுக்கப் போனவர். மாதச் சம்பளமும், 22 வருடச் சேவைக்குப் பிறகு ஓய்வூதியமும் இருக்கிற ஒரு வேலை அவருக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. வாகனம் பழுதுபார்க்கிறார். அதைப் பற்றி அவரிடம் விவாதிக்க நினைப்பவர்கள் அவரிடம் விவாதியுங்கள். அவர் மேல் இருக்கும் கசப்பை என் கால்களில் கட்டாதீர்கள்.

முகாமுக்குக் கடிதம் எழுதும் யோசனையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருடைய முகாமில் தமிழ் பேசுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அங்கே தன் வேலையாலும் ஒழுக்கத்தாலும் ஒரு பெயர் வாங்கி வைத்திருக்கிறார். சொந்தத் தோட்டத்துக் கோயில் முத்திரையோடு, உன் மனைவி சரியில்லை என்று ஒரு கடிதம் மேசைக்குப் போனால் அவர் யார் முன்னால் நின்று என்னவென்று விளக்குவார்? என் பயணங்கள் அத்தனையும் அவருக்குத் தெரியும். டிக்கெட்டுக்குக் காசு அனுப்புகிறவர் அவர். படம் அனுப்பத் தாமதமானால் கேட்கிறவரும் அவர். காட்டு முகாமில் இரவுக் காவல் முடித்து வந்து, பட்டிப்பொல மூடுபனியை மகள் கையால் துடைக்கிற காணொளியைப் பார்த்துவிட்டுத் தூங்குகிற மனிதருக்கு, நீங்கள் இல்லாத சந்தேகத்தை ஊட்டப் பார்க்கிறீர்கள். தூரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை உடைப்பது மிகச் சுலபம். அதைக் கோயில் பெயரில் செய்யாதீர்கள்.

எங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்கிறீர்கள். அந்த அக்கறை உண்மையாக இருந்தால் அதற்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. மாலை பஸ் தோட்டத்துக்குள் வராமல் சந்தியிலேயே திரும்பிவிடுகிறது. சந்தியில் இருந்து மேற்பிரிவு வரை நாங்கள் இருட்டில் நடக்கிறோம். கோயில் வளைவில் மின்கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. மேல் மலையில் சிறுத்தை நாயைத் தூக்கிப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சாராயக் கடையடியில் நின்று பாடசாலைப் பிள்ளைகளிடமும் வாய் விடுகிறவர்கள் யார் யார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்களில் சிலருக்குத் திருவிழாவில் பரிவட்டமும் கட்டுகிறீர்கள். அவர்களுக்கு எதிராக இதுவரை ஒரு தாள்கூடப் பலகையில் ஒட்டப்படவில்லை. வழியில் தொல்லை கொடுக்கிறவரை விட்டுவிட்டு வழியில் நடக்கிறவளைப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது.

மாசியில் காமன் கூத்து நடக்கும்போது நீங்கள் எல்லோரும் விடியும்வரை களத்தில் இருக்கிறீர்கள். காமன் எரிந்த பிறகு ரதி அழுது புலம்பும் இடத்தில், பெண் வேடம் கட்டிய ஆணின் குரலுக்கு நம் பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கணவனைப் பிரிந்த ஒருத்தியின் துயரம் உங்களுக்குப் புரியாதது அல்ல. அப்படியிருக்க, பிரிவோடு தினமும் குடித்தனம் நடத்துகிற எங்களைப் பார்த்து உங்களுக்கு ஏன் சந்தேகம் மட்டும் வருகிறது? இது என் ஒருத்தியின் கதையும் அல்ல. கணவன் கொழும்பில் கட்டட வேலையில், கத்தாரில் சாரதியாக, காலியில் ஹோட்டலில் என்று இந்த லயங்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். உங்கள் தாள் அவர்கள் எல்லோர் மேலும் விழுந்திருக்கிறது. அவர்களில் பலர் பேச முடியாதவர்கள் என்பதும் நான் எழுதுவதற்கு ஒரு காரணம்.

2023இல் நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தைப் பற்றித் தலைவர் ஐயா திருவிழா மேடையில் பெருமையாகப் பேசினீர்கள். பாட்டிமார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்தார்கள் என்று சொன்னீர்கள். கடல் கடந்து, காடு கடந்து நடந்து வந்த பெண்களின் பேத்தி, பக்கத்து நிலையத்துக்கு ரயில் ஏறுவதற்கு அனுமதி கேட்க வேண்டுமா? 1948இல் நம் குடியுரிமை பறிக்கப்பட்டதையும், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்ததையும் உங்களிடம் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அந்தக் குடியுரிமைக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இந்த நாட்டின் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கை முழுவதும் நடமாடும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் கொடுக்கிறது. அதில் கணவன் வீட்டில் இருக்கும் பிரசை என்று எழுதவில்லை. நாடு கொடுத்த உரிமையைக் கோயில் சபை எடுக்க முடியாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

அறிவித்தல் பலகையில் இருக்கும் தாளை அடுத்த போயா தினத்துக்கு முன் அகற்றுங்கள். கழற்றி எறிந்தால் போதாது, தீர்மானம் கைவிடப்பட்டது என்று சபையின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி அதே பலகையில் அறிவியுங்கள். முகாமுக்குக் கடிதம் அனுப்பாதீர்கள். அனுப்பியாகிவிட்டது என்றால், அது விசாரிக்காமல் எழுதப்பட்டது என்று சிங்களத்திலும் தமிழிலும் இன்னொரு கடிதம் எழுதி, அதன் பிரதி ஒன்றை என் கையில் தாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நான் வழக்கம்போல அறநெறி வகுப்புக்கு வருவேன். கதவு திறந்திருக்க வேண்டும். என் கற்பித்தலில் குறை இருந்தால் பெற்றோரை அழைத்து, என்னையும் வைத்துக்கொண்டு பேசுங்கள், கேட்டுத் திருத்திக்கொள்கிறேன். நான் விடுமுறையில் எங்கே போகிறேன் என்பது அந்தப் பேச்சுக்குள் வரக் கூடாது.

படத்தை வெட்டி ஒட்டியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் என் மாமியாரிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்பது பிறகு இருக்கட்டும், முதலில் அவரிடம்.

இனி பெண்களைப் பற்றி எந்தத் தீர்மானம் எடுப்பதாக இருந்தாலும் பெண்கள் இருக்கும் கூட்டத்தில் எடுங்கள். சபையில் மாதர் சங்கத்துக்கு இடம் கொடுங்கள். பூசைக்குப் பொங்கல் வைக்கவும் மண்டபம் கழுவவும் அழைக்கிற உங்களுக்கு, பேசுவதற்கு அழைப்பது சிரமமான காரியம் அல்ல. எங்கள் பாதுகாப்பில் உண்மையான அக்கறை இருந்தால், மாலை பஸ் மேற்பிரிவு வரை வர வேண்டும் என்றும் கோயில் வளைவில் விளக்குப் போட வேண்டும் என்றும் மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன், லயம் லயமாகப் போய் மற்றக் கையெழுத்துகளையும் வாங்கித் தருகிறேன். ஆண்கள் வருடாவருடம் கோயில் நிதியில் கதிர்காமம் போவது போல, வருடத்துக்கு ஒரு நாள் தோட்டத்துப் பெண்களுக்கும் ஒரு பஸ் பிடித்துக் கொடுங்கள். எங்கே போவது என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம்.

தாள் அகற்றப்படாவிட்டால் இந்த மடலின் பிரதியையும் முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போவேன். அங்கேயும் பதில் கிடைக்காவிட்டால் பதுளைக்குப் போய் மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுப்பேன். ஊர்ப் பிரச்சினையை வெளியே கொண்டுபோவது எனக்கு விருப்பமானது அல்ல, ஆனாலும் போவேன். போவதற்கு முன் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன்.

அடுத்த போயா தினக் கூட்டத்தில், பெண்களும் இருக்கும்போது, இந்த மடலை முழுவதுமாக வாசியுங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள்.

இங்ஙனம்,
மேற்பிரிவு லயத்தில் இருந்து,
உங்கள் அறநெறி வகுப்பு ஆசிரியை